கடைசியாக எப்போது பேசினீர்கள்?

"அப்ப நீங்க வர்றதா இல்ல, அப்படித்தானே?" என்று கேட்டுவிட்டு சின்னவள் போனை வைத்தது போன செவ்வாய்க்கிழமை. இன்றும் செவ்வாய்க்கிழமை. நடுவில் அவளிடமிருந்து ஒரு அழைப்பில்லை, ஒரு செய்தியில்லை. மாப்பிள்ளையும் அழைக்கவில்லை. அவனுக்கும் கோபம் இருந்தது. அந்தக் கோபம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மிஞ்சியது வீம்பு மட்டும்தான்.

இன்றைக்குத்தான் விசா நேர்காணல்.

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு இந்த வீட்டு நிலவரம் தெரியும். இந்த வாரம் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னவள் வெளிநாட்டில் நர்ஸ். கல்யாணத்துக்கு லீவில் வந்தாள், ஆறு வாரம் புருஷனோடு இருந்தாள், திரும்பிப் போனாள். கணவனை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. இதற்கிடையில் அவளுடைய அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அம்மா உயிரோடு இல்லை. பெரியவள் வேறு ஊரில், மாமியார் வீட்டில் இருக்கிறாள். அதனால் மாப்பிள்ளை துணிமணியோடும் டூல் பாக்ஸோடும் மாமனார் வீட்டுக்கே குடிவந்துவிட்டான். லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக் வேலை. கூட வேலை பார்க்கிறவர்கள் 'வீட்டோட மாப்பிள்ளை' என்று கேலி செய்தார்கள். "ஆமா, பொண்டாட்டி இல்லாத வீட்டோட மாப்பிள்ளை. உலகத்துலயே நான் ஒருத்தன்தான்" என்று அவனும் சேர்ந்து சிரித்துவிட்டான்.

மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர். இன்று காலை அந்த டிரைவர், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மாப்பிள்ளை கையால் குளித்துக்கொண்டே ஒரு அறிவிப்பு செய்தார்.

"நானும் வர்றேன்."

"எங்க மாமா?"

"விசா ஆபீசுக்கு. பொண்ணைக் குடுத்தவன் நான். கல்யாணம் நெஜமா பொய்யான்னு கேட்கப்போறாங்க. நான் இல்லாம எப்படி?"

"உங்களைக் கூப்பிடவே இல்லையே மாமா. அங்க மணிக்கணக்கா உட்காரணும். இடுப்பு தாங்காது."

"ஒரு ஆயுசு பூரா உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். எனக்கு உட்காரச் சொல்லித் தர்றீங்களா? சோப்பு கண்ணுல போகுது பாருங்க."

மாப்பிள்ளை தண்ணீரை ஊற்றினான். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் குரலைத் தணித்துக் கேட்டார்.

"அவ ஒரு வாரமா போன் பண்ணலையே. என்ன சண்டை?"

"ஒண்ணுமில்ல மாமா."

"ஒண்ணுமில்லாததுக்கா நேத்து பல் தேய்க்கற பிரஷ்ல ஷேவிங் கிரீமைப் போட்டீங்க?"

அவன் துண்டை எடுத்தான். அவரைத் துவட்டி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டான். பொத்தான்களை அவரே போட்டுக்கொண்டார். பிறகு வாக்கரைப் பிடித்தபடி வாசல்வரை நடந்து போய், டாக்ஸிக்கு முதல் ஆளாக நின்றார்.

*

விசா அலுவலக வாசலில் போனை வாங்கி ஒரு சின்ன லாக்கரில் வைத்துச் சாவியைக் கொடுத்தார்கள். உள்ளே நீளமான கூடம். வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள். கைக்குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிற பெண், உதட்டை அசைத்துப் பதில்களை ஒப்பித்துப் பார்க்கிற இளைஞன், தூங்கி வழிகிற தம்பதி. எல்லோருடைய கண்ணும் சுவரில் இருந்த எண் பலகையின் மேல்.

டிரைவரை ஓரமான நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தன் எண் வந்ததும் மாப்பிள்ளை கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய் நின்றான்.

உள்ளே இருந்த அதிகாரி நடுவயதுப் பெண். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

"கல்யாணத்துக்கு அப்புறம் சேர்ந்து இருந்தது ஆறு வாரம். சரியா?"

"சரிங்க மேடம்."

"ஆறு வாரத்துல ஒருத்தரைப் பத்தி என்ன தெரிஞ்சுக்க முடியும்?"

மாப்பிள்ளை யோசித்தான். இந்தக் கேள்விக்கு நண்பர்கள் சொல்லிக்கொடுத்திருந்த பதில் ஒன்று இருந்தது. பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு, பிறந்த நாள். அது வாயில் வரவில்லை.

"ஆறு வாரத்துல ஒண்ணும் தெரியல மேடம். அப்புறம் போன்லதான் தெரிஞ்சுது. டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்ததும் போனை மேஜைல நிக்க வெச்சுடுவா. ஆனா பேச மாட்டா. செருப்பைக்கூடக் கழட்டாம கட்டில்ல உட்கார்ந்து சுவத்தையே பாப்பா. நாள் முழுக்க நோயாளிங்க கிட்ட சிரிச்சு சிரிச்சு முகம் வலிக்குமாம். நானும் பேச மாட்டேன். என் பாட்டுக்குத் துணி மடிப்பேன். கொஞ்ச நேரம் போனப்புறம் அவளே 'ம், சொல்லுங்க'ம்பா. அப்பதான் பேச்சு ஆரம்பிக்கும்."

அதிகாரி எழுதிக்கொண்டார். என்ன எழுதுகிறார் என்று தெரியவில்லை.

"கடைசியா எப்போ பேசினீங்க?"

'நேத்து' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனியில்தான் இருந்தது அந்த வார்த்தை.

"போன செவ்வாய்க்கிழமை" என்றான்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "ஒரு வாரமாப் பேசலையா? தினமும் பேசறதா விண்ணப்பத்துல இருக்கே."

"தினமும் பேசுவோம் மேடம். இப்பதான் சண்டை."

"எதுக்கு?"

அவன் திரும்பி டிரைவரைப் பார்த்தான். தூரத்தில் இருந்தார். காதில் விழாது. கண்ணாடிக்கு அருகில் குனிந்து மெதுவாகச் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். அதிகாரி கேட்டுவிட்டு, "இங்கயே இருங்க" என்று சொல்லி, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

*

சின்னவள் வேலை பார்க்கும் நாட்டில் அப்போது பிற்பகல். டயாலிசிஸ் வார்டில் இயந்திரங்கள் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தன. ஜன்னலோரப் படுக்கையில் இருந்தவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து, போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டு நிமிர்ந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தெரியாத எண்.

துணிகள் அடுக்கி வைக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று நேர்காணல் என்பது அவளுக்கு மறக்கவில்லை. காலையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாகத்தான் இருந்தாள். 'ஆல் தி பெஸ்ட்' என்று எழுதி அழித்தாள். 'சாப்பிட்டீங்களா' என்று எழுதி அழித்தாள். கடைசியில் ஒன்றும் அனுப்பவில்லை.

"விசா ஆபீஸ்ல இருந்து பேசறேன். உங்க கணவர் இங்கதான் இருக்கார். சில கேள்விகள் கேட்கணும்" என்றது அந்தக் குரல்.

கல்யாண நாள், அவன் வேலை, அவன் இப்போது இருக்கும் வீடு. எல்லாம் தடங்கலில்லாமல் சொன்னாள்.

"கடைசியா ரெண்டு பேரும் எப்போ பேசினீங்க?"

ஒரு வாரமாகப் பேசவில்லை என்று சொன்னால் என்ன ஆகும்? போன வருடம் கூட வேலை பார்க்கும் ஒருத்தியின் கணவனுக்கு விசா மறுக்கப்பட்டது. தொடர்பில் இருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் போதவில்லையாம். அவள் மூன்று நாள் அழுதது கண்முன் வந்தது.

"நேத்துதான்" என்றாள்.

"என்ன பேசினீங்க?"

"அப்பாவைப் பத்தி. இடுப்பு ஆபரேஷன் ஆயிருக்கு. இப்ப கொஞ்சம் கொஞ்சமா நடக்கறார்னு..."

"அப்படியா" என்றது குரல். அந்த 'அப்படியா' அவளுக்குப் பிடிக்கவில்லை. "சரி, நன்றி."

போன் அணைந்தது. மடித்த வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் நின்றபடி அவள் மெல்ல மெல்ல யோசித்தாள். இதே கேள்விக்கு அவர் என்ன சொல்லியிருப்பார்?

கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாக அவனுக்கு ஒரு பூப்போட்ட சட்டை வாங்கினாள். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வேறு எந்தப் புது மாப்பிள்ளையாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பான். "இதைப் போட்டுட்டு நான் ஏறினா லிஃப்ட்டே நகராது" என்றான் அவன். அந்த மனுஷனா ஆபீசில் போய்ப் பொய் சொல்லியிருப்பார்?

"ஐயோ" என்று வாய்விட்டே சொன்னாள்.

அவன் எண்ணுக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். விசா அலுவலகத்துக்கு அடித்தாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு பதிவுக் குரல் ஆறுதல் சொன்னது. மறுபடி அவனுக்கு. ஒரு வாரமாக எந்தப் பெயரைத் தொடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தாளோ, அதே பெயரை விரல் திரும்பத் திரும்ப அழுத்தியது.

அவனுடைய போன் லாக்கருக்குள் இருட்டில் கிடந்து துள்ளிக்கொண்டிருந்தது.

*

அதிகாரி திரும்பி வந்து உட்கார்ந்தார். இந்த முறை கண்ணாடி மூக்குக்கு இறங்கியிருந்தது.

"உங்க மனைவி நேத்து பேசினதாச் சொல்றாங்க."

அறுந்து விழும் லிஃப்ட்டில் நிற்பது எப்படி இருக்கும் என்று பலர் மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறார்கள். அப்படியெல்லாம் நடக்காது என்று தைரியம் சொல்லி அனுப்புவான். இப்போது அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

"அவ... எனக்கு எதுவும் ஆகக் கூடாதுன்னு சொல்லியிருப்பா மேடம். கெட்ட எண்ணத்துல இல்ல."

"ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும். உங்ககூட ஒருத்தர் வந்தாரே, யார் அவர்?"

"மாமனார்."

"வரச் சொல்லுங்க. நீங்க தள்ளி நில்லுங்க. வாயைத் திறக்கக் கூடாது."

வாக்கர் தரையில் தட்டும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. டிரைவர் வந்து சேர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"ஐயா, உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் கடைசியா எப்போ பேசினாங்க?"

டிரைவர் ஒரு பக்கமாகத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சொன்னால் நல்லது என்று அவருக்குப் புரியவில்லை. புரியாததால் நடந்ததைச் சொன்னார்.

"ஒரு வாரம் ஆச்சும்மா. இவரு ஒரு வாரமா மனுஷனா இல்ல. சாம்பார்ல உப்பு இல்ல, ரசத்துல ரெண்டு தடவை உப்பு. அங்க அவளும் அப்படித்தான் இருப்பா. என் பொண்ணை எனக்குத் தெரியும்."

"என்ன சண்டைன்னு தெரியுமா?"

"கேட்டேன். சொல்ல மாட்டேங்கறாரு."

அதிகாரி ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு எழுதி வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "விசா கிடைச்சாலும், நீங்க தானா நடக்கற வரைக்கும் மூணு மாசம் உங்ககூட இருந்துட்டுத்தான் கிளம்புவேன்னு இவர் சொல்லியிருக்கார். அக்கா வீட்டுல அப்பாவை விட்டுட்டு உடனே வாங்கன்னு உங்க பொண்ணு சொல்லியிருக்காங்க. அதுல வந்த சண்டை."

டிரைவர் வாக்கரோடு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"என்னை வெச்சு சண்டை போட்டிருக்கீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா மாப்பிள்ளை?"

"கேட்டா என்ன சொல்வீங்கன்னு தெரியும் மாமா."

"என்ன சொல்வேன்?"

"போங்கன்னு சொல்வீங்க."

"பின்ன, சொல்லாம?"

"நான் போன மறுநாளே பாத்ரூம்ல தனியா குளிக்கப் போவீங்க. கதவையும் தாழ்ப்பாள் போட்டுக்குவீங்க. யாரு வந்து உடைக்கிறது?"

"அதுக்காக என் பொண்ணை அழ விடுவீங்களா? அவ அங்க தனியா சுவத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா..."

"அது எனக்குத் தெரியாதா மாமா? தினமும் பாக்கறவன் நான்!"

"இங்க நான் ஒருத்தி உட்கார்ந்திருக்கேன்" என்றார் அதிகாரி.

இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. "பொய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டு வர்றவங்க எங்ககிட்ட வந்து, ஒரு வாரமாப் பேசலைன்னு சொல்ல மாட்டாங்க. தேன் ஒழுகப் பேசுவாங்க" என்றார். பிறகு குரல் பழைய கறாருக்குத் திரும்பியது. "ஆனா உங்க மனைவி சொன்னது தப்பு. ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு அவங்களே எழுதி அனுப்பணும். இந்த வாரத்துக்குள்ள. பாஸ்போர்ட்டை இங்க விட்டுட்டுப் போங்க."

"மேடம், பாஸ்போர்ட்டை வாங்கிக்கிட்டா..."

"கிடைச்சிடுச்சுன்னு அர்த்தமில்ல. ஆனா முடியாதுன்னு முடிவு பண்ணியிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன். அடுத்த எண்."

*

லாக்கரைத் திறந்தபோது போன் சூடாக இருந்தது. திரை முழுக்க ஒரே பெயர். மாப்பிள்ளை திருப்பி அழைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, கையில் எடுத்ததுமே அது மறுபடி அடித்தது.

"என்ன சொன்னீங்க?" என்றாள் அவள், எடுத்த எடுப்பில்.

"பேசலைன்னுதான் சொன்னேன்."

"தெரியும்! எனக்குத் தெரியும்! எனக்குப் பாத்து சத்தியவானா வந்து வாய்ச்சீங்களே!" அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரிக்க முடியவில்லை. "நான் எல்லாத்தையும் கெடுத்துட்டேனா?"

"கெடலை. பாஸ்போர்ட்டை வாங்கிக்கிட்டாங்க. நீ ஏன் அப்படிச் சொன்னேன்னு எழுதி அனுப்பணுமாம்."

"இன்னிக்கே எழுதறேன். பயத்துல சொல்லிட்டேன்னு எழுதறேன்." மூக்கை உறிஞ்சினாள். "நான் அப்பாவை வேணாம்னு சொல்லலைங்க. எனக்கு... காத்திருந்து காத்திருந்து மூளை வேலை செய்யலை. இன்னும் மூணு மாசம்னு நீங்க சொன்னதும் எனக்கு வேற ஒண்ணும் கேட்கலை."

"நானும் பக்குவமாச் சொல்லியிருக்கலாம்."

"எங்க, நீங்களா?"

அவன் சிரித்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு.

பக்கத்தில் நின்ற டிரைவர் கையை நீட்டினார். "இங்க குடுங்க." வாங்கிக் காதில் வைத்தார். "கேளும்மா. விசா வந்தா இவர் உடனே கிளம்புவார். மூணு மாசமெல்லாம் கிடையாது."

"நீங்க எங்க இருப்பீங்கப்பா? அக்கா வீட்டுக்குப் போறீங்களா?"

"அங்க போனா ரெண்டு நாள்ல அவ மாமியாருக்கும் எனக்கும் ரிமோட்டுக்காகச் சண்டை வரும். வேற இடம் பார்த்திருக்கேன். இப்ப அங்கதான் போறோம். போனை வைக்காதே."

டாக்ஸியில் ஏறியதும் போனை ஸ்பீக்கரில் போட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்தார். அவர் சொன்ன விலாசம் மாப்பிள்ளை கேள்விப்படாதது. வழியில் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. அவரோடு ஒரே பஸ்ஸில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிய கண்டக்டரின் வீடு அது. ஓய்வு பெற்ற நாளில் நடந்த விழாவில் கண்டக்டர் மைக்கைப் பிடித்து, "எங்க டிரைவர் ஓட்டின வேகத்துல, முன்வாசல்ல இறங்கின ஆளு டீ குடிச்சிட்டு வந்து பின்வாசல்ல ஏறலாம்" என்று சொல்லிவிட்டார். ஊரே சிரித்தது. டிரைவர் சிரிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றுபோனது.

"இடுப்பு உடைஞ்சப்ப ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினான்" என்றார் டிரைவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "அவனும் தனியாத்தான் இருக்கான். கீழ் ரூம் காலி, சமைக்க ஆள் வருது, முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டதால நடக்கப் பழக்கற ஆளும் தினம் வருதாம். வந்து இருன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

"உன் பிச்சை வேணாம்னு சொல்லி அனுப்பினேன்."

போனிலிருந்து சின்னவளின் குரல் வந்தது. "அப்பா!"

"என்னத்த அப்பா? வீம்பு உங்களுக்கு மட்டும்தான் சொந்தமா?"

டாக்ஸி ஒரு பச்சைக் கேட்டுக்கு முன்னால் நின்றது. மாப்பிள்ளை அவரை இறக்கி, வாக்கரை விரித்துக் கையில் கொடுத்து, அழைப்பு மணியை அழுத்தினான். உள்ளே டிவி சத்தம் நின்றது. யாரோ காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார்கள். கதவு திறந்தது.

மெலிந்த, உயரமான மனிதர். கையில் ஊன்றுகோல். டிரைவரைக் காலிலிருந்து தலை வரை பார்த்தார், திரும்பத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"என்ன, இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டு வந்துட்டியா?" என்றார்.

"ஆமாடா" என்றார் டிரைவர். "ரொம்ப தூரம் வந்துட்டேன்."

கண்டக்டர் வாசலை அடைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவருடைய தாடை மட்டும் அசைந்தது, எதையோ மெல்லுவது போல.

"என்னங்க" என்று மாப்பிள்ளையின் கையிலிருந்த போன் கிசுகிசுத்தது. "உள்ள விட்டாரா?"

அவன் போனை வாயருகே கொண்டுபோனான்.

"இன்னும் இல்ல" என்றான். "லைன்லயே இரு."